பொம்மைக்குப் போட்ட ஊசி

ராசிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மூடிப்போன ஜவுளிக்கடையின் மாடியில் அந்த நர்சிங் பள்ளி நடந்தது. கடைக்காரர் விட்டுப்போன ஆண் பொம்மைதான் அங்கே நிரந்தர நோயாளி. ஒரு கையை நீட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி சிரித்தபடி ஜன்னலோரம் நின்றது. ஊசி ஏறுவதற்காக அதன் இடுப்பைத் தோண்டிப் பஞ்சு அடைத்திருந்தார்கள். மகளைச் சேர்க்க விசாரிக்க வந்த காளியண்ணன், நிர்வாகி என்று நினைத்து அதற்கு ஒரு கும்பிடு போட்டார். பிறகு வந்த நிஜ நிர்வாகியைவிட அதன் முகமே நம்பும்படி இருந்தது.

"இதப் படிச்சா கவுருமெண்ட் ஆஸ்பத்திரில எடுப்பாங்களாங்க?"

"தனியார்ல எடுப்பாங்க."

"எந்தத் தனியார்லங்க?"

நிர்வாகி பொம்மையைப் பார்த்தார்.

கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் காளியண்ணனுக்கு அந்தப் பார்வை போதுமானதாக இருந்தது. ஆனால் இதற்கு மட்டும்தான் அவரால் பணம் கட்ட முடியும். சேலத்தில் சர்க்கார் அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் கட்டணத்தை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். இரண்டாம் தடவை குறையும் என்று ஒரு நம்பிக்கை. குறையவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் நிஜப் படிப்பு, இலவசம், விடுதியில் இடமும் தருவதாகச் சொன்னார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும்தான் ஊருக்கு விடுவார்களாம்.

வீட்டில் மனைவி சௌந்திரம் பக்கவாதத்தில் படுத்திருக்கிறாள். மகள் கோகிலவாணிதான் அம்மாவைப் புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, கஞ்சி ஊட்டுவது எல்லாம். அவள் புரட்டுகிற பக்குவத்தைப் பார்த்துப் பார்த்து, சுவரிலிருந்த பல்லியும் வேளை தவறாமல் பக்கம் மாறிப் படுக்கும் என்றால் ஊரில் யாரும் மறுக்க மாட்டார்கள். பண்ணைக் கோழிகளுக்கும் அவள்தான் தடுப்பூசி போடுவது. போட்டு முடித்தபிறகும் போகாமல் நிற்கிற கோழிகள் உண்டு.

"திண்டுக்கல்லுக்குப் போ சாமி," என்றார் காளியண்ணன்.

"அம்மாவ ஆருங்ப்பா பாக்கறது?"

"அம்மங்கிட்டப் பூ கேப்போம்," என்றார்.

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. இவ்வளவு பெரிய விஷயத்தை அம்மன் ஒருத்தியின் பொறுப்பில் விடக் காளியண்ணனுக்கு மனம் வரவில்லை. இரண்டிலுமே வெள்ளை நந்தியாவட்டையை வைத்து, வாழையிலையில் மடித்து, நாரால் கட்டி, சாமி மாடத்தில் வைத்தார். காலையில் கோகிலவாணி அங்கே விளக்கேற்றினாள்.

செல்லாண்டியம்மன் கோயிலில், மூக்கு ஒழுக நின்ற ஒரு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தது. பூசாரி பிரித்தார். சிவப்பு அரளி.

"அம்மன் உத்தரவு தர்லீங்க," என்றார் பூசாரி.

காளியண்ணன் மற்றப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதுவும் அரளி.

"ரெண்டுலயுமா!" பூசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா அழுத்தமாச் சொல்லிப்போட்டா."

நான் வெள்ளைதானே வைத்தேன் என்ற பேச்சு காளியண்ணனின் தொண்டை வரை வந்தது. முன்னால் பூசாரி, அவருக்குப் பின்னால் அம்மன். வந்த வழியே அதை விழுங்கினார். கோகிலவாணி கோயில் மணியை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மாவுக்குக் கஞ்சி நேரமாச்சுங்ப்பா. வாங்க."

மொபட்டில் வரும்போது அவர் திரும்பாமலே சொன்னார்: "அந்தப் பொம்மைக்கு நரம்பே இல்ல சாமி."

"கோழிக்குப் போட்டுப் பழகிக்கறனுங்ப்பா."



ராசிபுரத்தில் வகுப்பு தொடங்கிய அன்று அவளை இறக்கிவிட்டுக் கீழேயே நின்றார். மாடி ஜன்னலில், கடன் வாங்கிய வெள்ளைக் கோட்டில் கோகிலவாணி தெரிந்தாள். பஞ்சைத் தொட்டு அந்த இடுப்பைத் துடைத்து, "வலிக்காதுங்க" என்கிற மாதிரி உதடு அசைய, ஊசியை இறக்கினாள். காளியண்ணன் தன் இடுப்பைத் தடவிக்கொண்டார். பொம்மை சிரித்தபடியே இருந்தது. ஸ்டாண்டிலிருந்து திண்டுக்கல் பஸ் வெளியே வந்து திரும்பியது. ஜன்னலுக்கு வெளியே நீண்டிருந்த பொம்மையின் கை, பஸ்ஸை நிறுத்தச் சொல்வதைப் போலவே இருந்தது. டிரைவர் ஒரு ஹாரன் அடித்துவிட்டு, நிறுத்தாமல் போனான்.