முடியில் பின்னிய கயிறு

அறைக்குள் நுழையுமுன்பே நாற்றம் எதிரே வந்தது. லூசி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

சீழும் ரத்தமும் அவளுக்குப் புதிதல்ல. ஆறு வருஷமாக ஆஸ்பத்திரி வார்டில் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் துடைத்தவள். ஆனால் டெல்லி முனிர்காவின் இந்த ஒற்றை அறையில், ஆகஸ்ட் புழுக்கத்தில், கட்டிலையொட்டிப் புளித்துக்கொண்டிருந்த ஆற்றங்கரை அவளுக்குக் குமட்டியது.

அவள் கணவன் மைக்கேல் ஒரு பிளைவுட் பலகைமேல் அந்தக் கரையை உண்டாக்கியிருந்தான். ஊறவைத்த செய்தித்தாளும் மைதாப் பசையும் சேர்ந்து மேடு. அடியில் பச்சை பூசிய கண்ணாடித் துண்டுதான் ஆறு. துடைப்பக் குச்சியில் பனைமரங்கள், சாயம் தோய்த்த பீர்க்கங்கூட்டில் புதர்கள், குடித்துப்போட்ட தேயிலையில் சேறு. அந்தச் சேற்றில் இப்போது வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருந்தது.

"கரப்பான் ஒரு சிப்பாய் மூக்கைத் தின்னுட்டுளா" என்றான் மைக்கேல், தூரிகையை வாயில் கவ்வியபடி. "சண்டையில போனதா வச்சுக்கிடலாம்."

"நாம சாப்பிடுத தட்டுலயா பெயிண்ட கலக்குதீக?"

"கழுவிருதேன்."

எழுபத்தொன்று டிசம்பர் யுத்தத்தில், கிழக்கே ஓர் ஆற்றைத் தாண்டியபோது சிப்பாயாயிருந்த மைக்கேல் காலில் குண்டு வாங்கினான். அங்கேயே அவனுடைய நண்பன் ஆபிரகாம் இறந்தான். ஆபிரகாம் லூசியின் அண்ணன். அண்ணனின் டிரங்குப் பெட்டியை ஒப்படைக்க நர்ஸ் விடுதிக்கு நொண்டிக்கொண்டு வந்த மைக்கேல், பெட்டியைக் கொடுத்த பிறகும் வந்துகொண்டேயிருந்தான். மூன்றாம் வருஷம் கல்யாணம் நடந்தது.

இப்போது அவனுக்கு ஓர் அரசு அலுவலகத்தில் தற்காலிகக் காவல் வேலை. போரின்போது அவன் படைக்குத் தலைமை தாங்கிய கர்னல் ஓய்வு பெற்று டெல்லியிலேயே வீடு கட்டியிருந்தார். வரவேற்பறையில் வைக்க அந்த ஆற்றுச் சண்டையின் மாதிரி வேண்டும் என்றார். செய்து கொடுத்தால் அவர் சிபாரிசில் நிரந்தர வேலை, கூடவே குவார்ட்டர்ஸ் வீடு. ஏழு குடும்பத்துக்கு ஒரு குழாய் என்ற இந்த வீட்டில் வாளியோடு வரிசையில் நின்று அலுத்திருந்த லூசிதான், "செய்யுங்க" என்று அவனை உந்தினாள். லக்ஷ்மிபாய் நகர் வழியாகப் பஸ் போகும்போதெல்லாம் அந்தக் குவார்ட்டர்ஸ் வரிசை வீடுகளின் கொடியில் தன் புடவை காய்வதாக நினைத்துக்கொள்வாள்.

பலகையில் அவள் மூக்கைப் பொத்தாமல் பார்த்த இடம் ஒன்றுதான். எதிர்க்கரைப் பனையடியில் விரல்கணு நீளத்தில் ஒரு மெழுகு உருவம் குப்புறக் கிடந்தது. அது ஆபிரகாம். கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு முதலில் நீந்தி, அக்கரையில் குண்டுபட்டு விழுந்தவன் அவன். அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் மற்றவர்கள் கடந்தார்கள். கயிற்றுக்கு நூலைப் போட்டுப் பார்த்தால் தேர்வடம்போல் தடிமனாகத் தெரிந்தது. ஆகவே மைக்கேல் அவள் சீப்பில் சிக்கிய முடியைப் பொறுக்கிப் பின்னத் தொடங்கினான். முதலில் அவள் சீப்பை ஒளித்துவைத்தாள். யாருடைய கயிறு என்று தெரிந்ததும் அவளே நீளமான முடிகளாகப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கர்னல் பார்வையிட வந்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே குனிந்து பார்த்தார்.

"இந்தப் பிணத்தை எடுத்துடு, மைக்கேல். விருந்தாளிகள் வரும் இடம்" என்றார் இந்தியில். "அங்கே என்னை நிறுத்து. கையில் பிஸ்டல் இருக்கட்டும்."

"அச்சா, சாப்."

அவன் ஒரு மூச்சுகூட யோசிக்கவில்லை. லூசி கொண்டுவந்த டீயைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

"அவரு அன்னைக்கு ஆத்துப் பக்கமே வரலன்னு நீங்கதான சொன்னீக?" என்றாள் கர்னல் போனபின்.

"ரெண்டு மைல் பின்னால கூடாரத்துல இருந்தாரு."

"பொறகு?"

"பொம்மதானளா. உனக்குக் குவார்ட்டர்ஸ் வேண்டாமா?"

அவன் சொன்னதில் பொய்யில்லை. அதனாலேயே அவன்மீதும் தன்மீதும் ஒரே அருவருப்பு வந்தது. அன்று அவன் கைபட்ட சோற்றை அவளால் தொட முடியவில்லை.

செவ்வாயன்று டூட்டி முடிந்து வந்தபோது பனையடியில் கர்னல் நின்றார். மீசை, பிஸ்டல் எல்லாம் அச்சு அசல். அவர் இடுப்பில் அவளுடைய முடி சுற்றியிருந்தது. ஆபிரகாம் ஒரு தீப்பெட்டிக்குள் கிடந்தான்.

லூசி கைகூடக் கழுவவில்லை. பையிலிருந்து டுவீசர் இடுக்கியை எடுத்தாள்.

"என்ன பண்ணுத?"

"இது என் முடி. கண்டவன் இடுப்புல கெடக்க வேண்டாம்."

தையல் பிரிப்பதுபோல நிதானமாகக் கயிறு முழுவதையும் உருவித் தீப்பெட்டிக்குள் அண்ணன் பக்கத்தில் வைத்தாள்.

"கயிறு இல்லாம ஆத்த எப்படித் தாண்டினாகன்னு கேப்பாரே" என்றான் மைக்கேல்.

"கேக்கட்டும்."

வியாழக்கிழமை கர்னல் டிரைவரோடு வந்தார். கைக்குட்டையைக்கூட மறந்து தன் உருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நல்லா இருக்கு. தூக்கு" என்று டிரைவரிடம் சொன்னார்.

மைக்கேல் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "சாப், இதுல ஒண்ணு குறையுது. என்னன்னு தெரியுதா?" என்று இந்தியில் கேட்டான்.

கர்னல் இப்படியும் அப்படியும் தலையைச் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கொடியா?"

மைக்கேலின் முகம் சுருங்கியது. ஊசிப்போன சோற்றுப்பானையைத் திறந்தவன் முகம் அது. கதவருகே நின்ற லூசிக்கு அந்த முகத்தை நன்றாகத் தெரியும். நாலு நாளாக அவள் சுமந்துகொண்டிருந்த முகம்தான்.

"வேலை முடியல, சாப்."

"எப்போ முடியும்?"

மைக்கேல் பனையடியிலிருந்த உருவத்தைப் பிடுங்கி, அவர் உள்ளங்கையில் மரியாதையாக வைத்தான்.

"இது முடிஞ்சது. நீங்க கொண்டுபோலாம்."

கர்னல் மெழுகையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். உருவத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, டிரைவரை வெறுங்கையோடு அழைத்துக்கொண்டு வெளியேறினார். ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

மைக்கேல் தரையில் உட்கார்ந்து தீப்பெட்டியைத் திறந்தான். அவசரத்தில் கயிறு நழுவி நழுவி விழுந்தது.

"தள்ளுங்க. இதெல்லாம் உங்களுக்கு வராது" என்று லூசி டுவீசரோடு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"குவார்ட்டர்ஸ் போச்சு, லூசி."

"போனாப் போட்டும். ஆனா இந்தச் சேத்த இன்னைக்கே வழிச்சு எறியுதீக. வேற தேயில போட்டுக்கிடலாம். நாத்தம் தாங்கல."

அவள் அண்ணனைப் பனையடியில் கிடத்தி, அவன் இடுப்பில் முடிச்சுப் போட்டாள். மைக்கேல் மறுமுனையை இக்கரையில் இழுத்துப் பிடித்துக்கொண்டான்.