தானாகக் கவிழ்ந்த சட்டி

பள்ளியைச் சோதிக்க வந்த வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரை கட்டுரைத் தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்புவதைச் சாந்தமேரி பார்த்துக்கொண்டு நின்றாள். போன வருடமும் இதே அறைதான், இதே மேசைதான். அன்றும் தலைமை ஆசிரியையான மதர் இப்படித்தான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். இன்ஸ்பெக்டர் மட்டும் வேறு ஆள்.

சாந்தமேரி நார்மல் கிளாஸ் என்ற ஆசிரியப் பயிற்சி வகுப்பின் மாணவி. வார நாட்களில் பிரிக்பீல்ட்ஸில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் பெரிய பெண்களுக்கு இங்கிலீஷ் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். சனிக்கிழமை வந்தால் அவளே பெஞ்சில் உட்கார்ந்து போதனா முறையும் மன சாஸ்திரமும் படிக்கும் மாணவி. படிப்பு முடிகிற வருடம் ஒரு இன்ஸ்பெக்டர் வந்து, பலகையில் தானே ஒரு தலைப்பை எழுதி, பெண்கள் எழுதித் தந்ததைப் படித்துப் பார்த்து, டீச்சர் தேறினாளா இல்லையா என்று சொல்லுவார். அந்தக் காலத்து நார்மல் கிளாஸ்காரர்கள் எல்லாரும் செய்ததையே போன வருடம் அவளும் செய்தாள். சீமையில் அச்சடித்த மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தைப் பெண்களை நெட்டுருப் போட வைத்தாள். வந்த தலைப்பு ‘என் வீடு’. வகுப்பு முழுக்க ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள். ஒருத்தி விடாமல் எல்லார் வீட்டிலும் குளிருக்குக் கணப்பு எரிந்தது, கூரைமேல் பனி கொட்டியது, தாத்தா கம்பளிச் செருப்போடு உட்கார்ந்து பைப் புகைத்தார். குளித்துவிட்டு வந்து தலை துவட்டுவதற்குள் மறுபடி வியர்க்கிற பிரிக்பீல்ட்ஸில் இதெல்லாம் நடந்தது. அந்த இன்ஸ்பெக்டர் சிரிக்கக்கூட இல்லை.

ஒரு தடவை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதிலும் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். படிப்பும் போச்சு, வேலையும் போச்சு. அப்பா கபிரியேல் செந்தூல் ரயில்வே பட்டறையில் பிட்டர். மகள் டீச்சர் என்று பட்டறையில் சுத்தியல் சத்தத்துக்கு மேலாகச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் சாந்தமேரியின் பயம் அப்பாவைப் பற்றியது இல்லை. ஒரு பெண் எழுதியதைப் படித்து, ‘இந்த இடத்தில் நீ என்னம்மா பார்த்தாய்?’ என்று கேட்பதும், அவள் யோசித்து யோசித்து ஒரு வரி கூடுதலாக எழுதுவதும் அவளுக்குச் சொல்ல முடியாத சந்தோஷம். அதை விட்டுவிட்டு எப்படி இருப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சூடு கண்ட பூனை ஆயிற்றே. இந்த வருடம் மாதிரிப் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்றாள். முதலில் பெண்கள் அழுதார்கள், எதையும் பார்க்கவில்லை என்று சாதித்தார்கள். பிறகு மெல்ல மெல்ல, பாசாரில் மீனின் செவுளைப் பிளந்து பார்க்கிற அம்மாக்களும், கிள்ளான் ஆற்று வெள்ளத்தில் மிதந்து போன கோழிக்கூடும் நோட்டுகளுக்குள் வர ஆரம்பித்தன. இன்று காலை இன்ஸ்பெக்டர் பலகையில் ‘ஒரு ரயில் பயணம்’ என்று எழுதியபோது, அவள் மாதாவுக்கு மனதுக்குள் ஒரு நன்றி சொன்னாள். ரயில்வே பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

“மிஸ் கபிரியேல்,” என்றார் இன்ஸ்பெக்டர் இங்கிலீஷில். “எல்லாத் தாளிலும் புக்கிட் மெர்த்தாஜாம் போகும் ரயில். ஒரே பெட்டி. ஒரே கோழிக் குழம்பு. தஞ்சோங் மாலிம் தாண்டியதும் குழம்புச் சட்டி கவிழ்கிறது. எந்தப் புத்தகத்தில் இருக்கிறது இந்தக் கட்டுரை?”

“புத்தகம் இல்லை, ஸார். நிஜமாகவே எல்லாரும் ஒன்றாகத்தான் போனோம்.”

அவள் திக்கித் திணறி விளக்கினாள். ஜூலை மாதம் அங்கே புனித அன்னம்மாள் திருநாள். ரயில்வேக்காரர்களுக்கு இலவசப் பாஸ் உண்டு. குவார்ட்டர்ஸ் வரிசை மொத்தமும் சோற்று மூட்டையைக் கட்டிக்கொண்டு ஒரே பெட்டியில் ஏறிவிடும். இந்தப் பெண்களுக்கு ரயில் பயணம் என்றால் அது ஒன்றுதான்.

“இருக்கலாம்,” என்றார் அவர். ஒவ்வொரு தாளிலும் ஒரே இடத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தார். “ஆனால் இந்த வரி? ‘சட்டி தானாகவே கவிழ்ந்தது.’ ஓர் எழுத்துகூட மாறவில்லை. எல்லாரும் ஒரே ரயிலில் போகலாம். ஒரே வார்த்தைகளில் எப்படிப் போவார்கள்?”

சாந்தமேரி அந்தப் பயணத்தை நினைத்துப் பார்த்தாள். கிளம்புவதற்கு முந்தின ராத்திரியெல்லாம் மன சாஸ்திரம் படித்த அலுப்பில், அன்று ரவாங் வருவதற்குள்ளேயே அவள் தூங்கிப் போயிருந்தாள். விழித்தபோது பெட்டி முழுக்கக் குழம்பு வாசனை, தரையெல்லாம் குழம்பு. தாப்பா ரோடு ஸ்டேஷனில் எல்லாரும் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு வெறும் சோறு தின்றார்கள். வகுப்பு மாணவி மகதலேனாவின் அம்மா அந்தோணியம்மா கொண்டுவந்த சட்டி அது. கொஞ்சம் பத்திரமாக வைத்திருக்கலாம் என்று இவளே இரண்டு மூன்று பேரிடம் குறைபட்டிருக்கிறாள்.

இன்ஸ்பெக்டர் எழுந்து நேராக வகுப்புக்குப் போனார். மதரும் சாந்தமேரியும் பின்னாலேயே போனார்கள். “சட்டியைக் கவிழ்த்தது யார்?” என்று கேட்டார்.

மகதலேனா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் சிவமலர் எழுந்தாள். ஸ்டேஷன் கிளார்க்கான யாழ்ப்பாணத்துக்காரரின் மகள், சைவப் பிள்ளை. பக்கத்து வீட்டுக்காரர்களோடு வேடிக்கை பார்க்கத் திருநாளுக்குப் போனவள்.

“எங்கள் டீச்சர்தான், ஸார்,” என்றாள் இங்கிலீஷில். “தூக்கத்தில் உதைத்துவிட்டார்கள்.”

சாந்தமேரிக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் மகதலேனா எழுந்துவிட்டாள். இங்கிலீஷ் எல்லாம் பறந்து போயிற்று.

“சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினியா இல்லியாடி?”

“நான் பண்ணேல்லை, சரியெண்டு மட்டும்தான் சொன்னனான். நீங்கள்தான் பண்ணினீங்கள். அவர் நேரே கேட்கேக்கை பொய் சொல்லேலாது.”

“உங்கம்மா நடுவழியில சட்டிய வெச்சா டீச்சர் கால் எங்க போகும்?” என்றாள் பின்பெஞ்சுச் சூசன்.

“எங்கம்மா ஓரமாத்தான் வெச்சாங்க. உன் பெட்டிய வெக்க எடமில்லன்னு நீதான நகத்தின?”

வகுப்பில் தமிழ் பேசினால் தண்டனை. மதர் கண்ணை மூடிக்கொண்டார். பெயரை எடுத்தாயிற்று என்று சாந்தமேரி முடிவே செய்துவிட்டாள். அப்போதுதான் இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இதனை ஆசிரியைக்கு ஏன் அறிவிக்கவில்லை?” என்றார். சுத்தத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி எடுத்து. பள்ளிக்கூட வேலைக்கு வருவதற்கு முன்னால் தோட்டத் தொழிலாளர் இலாகாவில் இருந்தவராம். அங்கே தமிழ்ப் பரீட்சை எழுதித் தேறவேண்டும் என்று சட்டம். அது பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது.

மகதலேனாவும் தமிழிலேயே பதில் சொன்னாள். “எங்கம்மாதான் ஸார் சொன்னாங்க. பாவம், டீச்சர் பரீட்சைக்குப் படிச்சுப் படிச்சு அசந்து தூங்குது, தெரிஞ்சா கூச்சப்படும். யார் கேட்டாலும் சட்டி தானா கவுந்துச்சுன்னு சொல்லுங்கன்னு. பெட்டியில இருந்த எல்லாரும் சரின்னாங்க.”

“யார் கேட்டாலுமா?”

“ஆமா ஸார். நீங்க கேட்டாலும்.”

பார்த்ததை மட்டும் எழுதுங்கள் என்று வருடம் முழுக்கத் தொண்டை வற்றச் சொன்ன டீச்சருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. எல்லாவற்றையும் சொன்னபடியே எழுதிவிட்டு, ஒரே ஒரு வரியில் அத்தனை பெண்களும் கட்டுப்பாடாக அவள் பேச்சை மீறியிருக்கிறார்கள்.

“நெட்டுருப் போட்ட பிள்ளைகள் இப்படிச் சண்டை போட மாட்டார்கள்,” என்று மதரிடம் இங்கிலீஷில் சொன்னார் இன்ஸ்பெக்டர். பிறகு சாந்தமேரி பக்கம் திரும்பி, “தேறிவிட்டீர்கள், மிஸ் கபிரியேல். இனிமேல் காலை மடக்கி வைத்துத் தூங்குங்கள்,” என்றார். அவர் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. மதர் முதன்முறையாக வாய்விட்டுச் சிரித்தார். சாந்தமேரி பக்கத்திலிருந்த பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் ஒரு வருடமாக இருந்த பாரம் இறங்கிவிட்டது.

சாயங்காலம் அவள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நேராக அந்தோணியம்மா வீட்டுக்குப் போனாள். அந்தோணியம்மா வாசல் குழாயடியில் குத்துக்காலிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“அக்கா, அன்னிக்குச் சட்டிய கவுத்தது நான்தானாமே. நான் உங்களப் போய்…”

“அத விடு. துரை வந்தாராமே. பாஸா இல்லியா, அத சொல்லுலா.”

“பாஸ்க்கா.”

அந்தோணியம்மா கையிலிருந்த அரிசியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு எழுந்து, வரிசை வீடுகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “ஏ, நம்ம டீச்சரு பாஸாம்.”

ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஈரக் கையோடு ஒருத்தி, இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி, பாதி பின்னிய சடையோடு ஒருத்தி என்று வரிசையின் அந்தக் கோடி வரைக்கும் பெண்கள் வெளியே வந்தார்கள். ஒவ்வொரு முகமும் சாந்தமேரிக்குத் தெரிந்தது. எல்லாரும் அந்தப் பெட்டியில் இருந்தவர்கள். அவளைப் பார்த்தார்கள், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.