டெல்மர் கேட்டைத் திறந்து போடமாட்டான்

டெல்மர் ஹாஸ்கின்ஸை அடக்கம் செய்துவிட்டு தேவாலயக் கூடத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். பன்றித் தொடைக்கறி, உருளைக்கிழங்கு, தண்ணீராய்க் காபி. அவனோடு ஒரே பண்ணையில் பாதி ஆயுளுக்கு மாடு மேய்த்தவன் நான். நான் தட்டைத் தொடவில்லை. துக்கம் ஒரு காரணம். எதிர் மேசையில் அவன் மகன் ராய்ஸ் ஒரு துண்டுக் கம்பியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தது இன்னொரு காரணம்.

அந்தக் கம்பியைக் கேட்டிலிருந்து வெட்டியெடுத்தவன் நான்தான். பனிப்புயல் வருகிறதென்று மேல்மலை மாடுகளை இறக்க டெல்மர் தனியாகப் போனான். மாடுகள் தாமாக வீடு வரட்டும், மலைப்பாதைக் கேட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறேன் என்று மனைவி இர்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். மேலே எங்கோ விழுந்து அவன் கால் முறிந்திருக்கிறது. எப்படியோ குதிரைமேல் ஏறி, சேணத்தோடு தன்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, மிச்சத்தைக் குதிரையிடம் விட்டுவிட்டான். அதுவும் வழி தப்பாமல் கேட் வரை கொண்டுவந்து சேர்த்தது.

கேட் சாத்தியிருந்தது. சாத்தியது போதாதென்று கம்பியைக் குறடு போட்டு முறுக்கியும் இருந்தது. நானும் ராய்ஸும் போனபோது குதிரை கேட்டில் மூக்கை வைத்தபடி நின்றது. டெல்மர் அதன்மேலேயே விறைத்துப்போயிருந்தான். மாடுகள் சுற்றி நின்றன.

“இத முறுக்கினவன் யாருன்னு எனக்குத் தெரியணும்” என்று ராய்ஸ் அங்கேயே சொன்னான். அவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

யாரென்று எனக்குத் தெரியும். அன்று மத்தியானம் அந்த மலைப்பாதையில் போன ஒரே வண்டி ஆர்வல் டீட்ஸுடையது. பக்கத்துப் பண்ணைக்காரன், டெல்மருக்கு உயிர்த்தோழன். அப்படியே மகள் ஊருக்குப் போனவன் சாவுச் செய்தி கேட்டு இன்றுதான் திரும்பினான். பனியில் மாட்டிச் செத்தான் என்பதுவரைதான் அவனுக்குத் தெரியும்.

சாப்பிட உட்காருமுன் கூடத்து வாசலிலேயே அவனை மடக்கினேன். “ஆர்வல், இன்னிக்கு நீ எழுந்து பேச வேணாம். சாப்பிட்டுட்டு நேரா வீட்டுக்குப் போ. காரணத்த அப்புறம் சொல்றேன்.”

“என்னய்யா இது, டெல்மரப் பத்தி நான் பேசாம வேற யாரு பேசுவா? ரெண்டு வார்த்த கோர்வையா வராத நீயா?”

அதற்குள் இர்மா வந்து அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொருவராக எழுந்து செத்தவனைப் பற்றிப் பேசுவது வழக்கம். பாழாய்ப்போன வழக்கம். ஒருவர் பாக்கியில்லாமல், டெல்மர் எந்தக் கேட்டையும் திறந்து போடமாட்டான் என்ற கதையையே எடுத்தார்கள். தன் கல்யாணத்தன்று, பாதிரியாரைக் காக்க வைத்துவிட்டுக் கேட்டைச் சாத்தப் போனானாம். வேட்டையாடிய எல்க் மானின் தொடையைத் தோளில் சுமந்து வந்தவன், அடுத்தவன் கேட் திறந்து கிடக்கிறதென்று அதை இறக்கி வைத்துச் சாத்தினானாம். எல்லோரும் சிரித்தார்கள். எல்லாம் உண்மைதான், அப்படிப்பட்ட மனுஷன்தான். நான் மட்டும் ஆர்வலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஆர்வல் எழுந்தான்.

“அன்னிக்கு மலைப்பாதையில வர்றேன், இவன் கேட்டு ஆன்னு திறந்து கெடக்கு. டெல்மர் கேட்டத் திறந்து போடுவானா? செத்தாலும் மாட்டான். வேட்டைக்கு வந்த எவனோ ஊர்சுத்திப் பய வேலைன்னு நெனச்சேன். அந்த ஊதக்காத்துல எறங்கி, சாத்தி, மறுபடி எவனும் கைவைக்கக் கூடாதுன்னு குறடால நல்லா முறுக்கி வச்சுட்டுத்தான் போனேன். நம்ம டெல்மர் பேருக்கு ஒரு சொல் வரலாமா?”

விஷயம் தெரிந்தவர்கள் தட்டைப் பார்த்தார்கள். காபி ஊற்றிக்கொண்டிருந்த இர்மா பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

“முறுக்கினது நீதானா, ஆர்வல்?”

“நான்தான் இர்மா” என்றான், நன்றிக்குக் காத்திருப்பவன் மாதிரி சிரித்துக்கொண்டு.

ராய்ஸின் விரல் நின்றுவிட்டது. நான் எழுவதற்குள் அவன் எழுந்துவிட்டான். ஆர்வலைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனான். அடுப்புச் சூடு போகத் திறந்து வைத்திருந்த இரட்டைக் கதவை உள்ளிருந்தபடியே சாத்தினான். பிறகு அந்தக் கம்பியை இரண்டு கைப்பிடிக்கும் குறுக்கே போட்டு, பொறுமையாக முறுக்க ஆரம்பித்தான்.