ஆள் இருக்கு

நான்காவது நாள் காலையும் சின்னவன் ஒன்றுக்குப் போகப் பழக்கும் நீல நாற்காலியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்துவிட்டான். ஒரு சொட்டு இல்லை. குளியலறைத் தரையில் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து "ஸ்ஸ்ஸ்" என்று சொல்லிச் சொல்லி எனக்குத்தான் முட்டிக்கொண்டு வந்தது. குழாயைத் திறந்துவிட்டேன், பாதத்தில் வெதுவெதுப்பாகத் தண்ணீர் ஊற்றினேன். அவன் தொடைகளை இறுக்கிக்கொண்டு, என்னிடமிருந்து எதையோ காப்பாற்றுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். ஜட்டியை மாட்டி வெளியே விட்ட மூன்றாம் நிமிடம் சோபாவுக்குப் பின்னால் குளம் கட்டிவிட்டது.

என் பிழைப்பே இதுதான் என்பதுதான் இதில் வேடிக்கை. ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். டப்பாவை வாங்கிக்கொண்டு போய் வெறுங்கையோடு திரும்பி வரும் பெரிய மனிதர்களிடம், "அவசரமே இல்ல சார், ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க, தானா வரும்" என்று தேன் ஒழுகப் பேசுவேன். ஊராரின் மூத்திரத்துக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டுகிறவளால் இரண்டரை வயதுப் பயல் ஒருவனை வழிக்குக் கொண்டுவர முடியவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டிருந்த கீழ் வீட்டு அக்கா வீடு மாறிப் போனதிலிருந்து விடுப்பில் இருக்கிறேன். இரண்டு முறை நீட்டியாகிவிட்டது. திங்கட்கிழமை போகாவிட்டால் என் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள். பிள்ளைகள் காப்பகத்து அம்மாவோ கறாராகச் சொல்லிவிட்டார்: "டயப்பர் போட்ட பிள்ளைய எடுக்க மாட்டோம்மா. உக்காரப் பழக்கிட்டுக் கூட்டிட்டு வாங்க." அன்றைக்கு வியாழக்கிழமை.

நான்கு நாள் பாடத்தில் அவன் ஒன்றே ஒன்றைத்தான் கற்றுக்கொண்டிருந்தான். குளியலறையில் யாராவது இருந்தால் எட்டிப் பார்க்கக் கூடாது, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்க வேண்டும். அதை மட்டும் அப்படிப் பிடித்துக்கொண்டான். அவன் அப்பா உள்ளே போனால் வாசலில் காவல் நிற்பான். நான் பக்கத்தில் போனால் கையை நீட்டி மறித்து, "ஆள் இருக்கு" என்பான். உள்ளே போகிறவர்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறவன், தான் மட்டும் போக மாட்டேன் என்கிறான்.

அவனைச் சின்னவன் என்றுதான் கூப்பிடுகிறோம். வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே, "பெரியவங்க எங்க, ஸ்கூலுக்கா?" என்று கேட்பார்கள். ஆமாம் என்றும் சொல்லியிருக்கிறேன், இல்லை என்றும் சொல்லியிருக்கிறேன். பெரியவள் இரண்டு வயது ஏழு மாதம் இருந்தாள். மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான். அடுத்த மாதம் இவன் அவள் வயதைத் தாண்டிவிடுவான்.

அன்று என் வீட்டுக்காரருக்கு மதிய ஷிப்ட். லிப்ட் பழுது பார்க்கும் வேலை. கிளம்புவதற்கு முன் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "மேல ஒண்ணு இருக்கே. அத எடுத்துப் பாக்கலாமா?" என்றார்.

எது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் மேலே என்றால் சமையலறைக்கு எதிரே உள்ள பரண். அதில் ஒன்று என்றால் மஞ்சள் நாற்காலி.

பெரியவளுக்காக வாங்கியது அது. கிண்ணத்தின் அடியில் இரண்டு உலோகப் பொட்டுகள் இருக்கும். அவற்றில் ஈரம் பட்டால் பாட்டு வரும். அரை நிமிடப் பாட்டு. கிண்ணத்தைக் கொட்டித் துடைக்கிறவரை விட்டு விட்டுப் பாடிக்கொண்டே இருக்கும். பாட்டு முடிந்ததும் நாங்கள் கை தட்ட வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். தட்டாவிட்டால் எழுந்திருக்க மாட்டாள். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் எத்தனையோ நாள் ஒற்றைக் கையால் தொடையைத் தட்டி ஏமாற்றியிருக்கிறேன்.

அவள் போன பிறகு அவர்தான் அதைப் பரணில் ஏற்றினார். அந்த வருடம் மழை பிடித்துக்கொண்டபோது பரணுக்கு மேலே கூரை ஒழுகியது. ஒரு மத்தியானம் அடுப்படியில் நின்றிருந்தேன். எதிரே, தலைக்கு மேலே, பாட்டு ஆரம்பித்தது.

ஒரு சொட்டுத் தண்ணீர் கிண்ணத்தில் விழுந்திருக்கிறது, இரண்டு பொட்டையும் அது சேர்த்திருக்கிறது. இது எனக்குத் தெரியாதா? படித்தவள்தானே. தெரிந்தும் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிச்சிட்டியா கண்ணு?" என்று கேட்டேன். பாட்டு முடிந்ததும் கை தட்டினேன். இரண்டு கையாலும் தட்டினேன். சொட்டு காய்ந்தால் ஓயும், அடுத்த சொட்டு விழுந்தால் பாடும்; அந்த மழைக்காலத்தில் பதினோரு முறை பாடியது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஏணி வைத்து ஏறி அதைத் துடைத்துவிடுவார்.

பிறகு நின்றுவிட்டது. கூரை அதே மாதிரி ஒழுகிக்கொண்டுதான் இருந்தது, சுவரில் கறை அகலமாகிக்கொண்டே போனது. ஆனால் பாட்டு இல்லை. பேட்டரி தீர்ந்திருக்கும் என்று நினைத்தேன். ஏறிப் பார்க்கவில்லை. அந்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது. சின்னவன் வயிற்றில் வந்துவிட்டான். அவளுக்குத் தெரிந்துவிட்டது, கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று ஒரு எண்ணம் விழுந்தது. விழுந்தது விழுந்ததுதான். சின்னவனைத் தூக்கிக் கொஞ்சும்போதெல்லாம் ஒரு கண் அந்தப் பரணைப் பார்க்கும். இரண்டரை வருடமாக இப்படித்தான் என் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருக்கிறேன். அதுவும் யாருக்கும் தெரியாது.

"எடுங்க" என்றேன்.

அவர் ஏணி போட்டு இறக்கினார். தூசியைத் தட்டிக் கழுவி, துணியால் துடைத்து, சமையல் மேடையில் கவிழ்த்து வைத்தார். மஞ்சள் நிறம் வெளுத்திருந்தது. அடியில் இருந்த மூடியை நான் நகத்தால் நெம்பித் திறந்தேன். இத்தனை நாளில் பேட்டரி கசிந்து பூத்துப்போயிருக்கும் என்று எதிர்பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. இரண்டு காலிக் குழிகள், துளி துரு இல்லாமல் பளிச்சென்று இருந்தன.

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார். மடக்கிய ஏணியை மறுபடியும் விரித்தார்.

"நான்தான் கழட்டினேன்" என்றார்.

"எப்போ?"

"அந்த மழையிலயே. ஒரு நாள் சீக்கிரம் வந்துட்டேன். சாவிய கையில வச்சுக்கிட்டு வெளிய நிக்கிறேன், உள்ள பாட்டு கேக்குது. நீ கை தட்டுற." ஏணியை மறுபடியும் மடக்கினார். "கதவத் தொறக்கல. திரும்பி வேலைக்கே போயிட்டேன். மறுநாள் நீ கடைக்குப் போனப்ப ஏறிக் கழட்டிட்டேன். உனக்கு நல்லதுன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"நீ சொன்னியா?"

 அவர் தன் வேலைப் பையைத் திறந்தார். ஸ்பேனர்களுக்கும் டெஸ்டருக்கும் அடியில் கையை விட்டுத் துழாவி ஒன்றை எடுத்தார். கறுப்பு இன்சுலேஷன் டேப்பில் சுற்றிய இரண்டு பென்சில் பேட்டரிகள். இத்தனை வருடமாகத் தினமும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊரில் உள்ள லிப்டுகளில் எல்லாம் ஏறி இறங்கியிருக்கிறார். "தூக்கிப் போட மனசு வரல" என்றார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் போய் உட்கார வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் டேப்பைப் பிரித்தேன்.

அந்தப் பேட்டரிகளில் உயிர் இல்லை. டிவி ரிமோட்டில் இருந்த இரண்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார். குளியலறையில் நீல நாற்காலி இருந்த இடத்தில் மஞ்சளை வைத்தேன். சின்னவன் வந்து அதைச் சுற்றிப் பார்த்தான். விளிம்பைத் தடவினான். ஜட்டியைத் தானே இறக்கிவிட்டு உட்கார்ந்தான். நான் எதிரே குந்தினேன். "ஸ்ஸ்ஸ்" சொல்ல வாய் வரவில்லை, குழாயையும் திறக்கவில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். 

சின்னவனின் தொடை தளர்ந்தது. முதலில் கிண்ணத்தில் சத்தம் கேட்டது. பிறகு பாட்டு.

அதே பாட்டு. ஒரு சுரம்கூட மாறவில்லை. சின்னவன் திடுக்கிட்டு என்னைப் பார்த்தான், பிறகு வாயெல்லாம் சிரிப்பாகிவிட்டது. முடியும்வரை அசையாமல் கேட்டான். முடிந்ததும் நான் தட்டினேன். அவரும் தட்டினார். நான்கு நாளாக என்னைக் கதறடித்தவன், ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து ஜட்டியை முழங்காலில் மாட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடினான். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விடலாம் என்ற நினைப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிண்ணத்தைத் துடைக்கக் கொடியில் கிடந்த பழைய துணியை எடுக்க வெளியே வந்தேன். அவரும் பின்னாலேயே வந்தார்.

துணியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது உள்ளே இரண்டாம் முறை பாட ஆரம்பித்தது.

துடைக்கவில்லை, அதனால் பாடுகிறது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் குளியலறை வாசலிலேயே இரண்டு பேரும் நின்றுவிட்டோம். சத்தம் கேட்டுச் சின்னவன் கூடத்திலிருந்து வந்தான். அப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், இரண்டு பேரும் வெளியேதான் இருக்கிறோம். எங்கள் கால்களுக்கு நடுவே புகுந்து போய், உள்ளே எட்டிப் பார்க்காமல், முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கதவை மெல்ல இழுத்துச் சாத்தினான். கதவில் முதுகைச் சாய்த்து, என்னை மறித்துக் கையை நீட்டினான்.

"ஆள் இருக்கு."

உள்ளே பாட்டு போய்க்கொண்டிருந்தது. துடைக்கிற துணி என் கையில்தான் இருந்தது.