முனிக்கல்லுக்கு ஒரு துளி

சாட்சி சொல்வதில் விஜயகலாவை மிஞ்சத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் ஆளே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூட்டத்துக்குப் புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால் போதும், குருவிட்டையிலிருந்து வரும் பாஸ்டர் அவள் பக்கம்தான் திரும்புவார். அவளும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள். மூன்று வருஷத்துக்கு முன்பு ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே வீட்டிலிருந்த சாமி படங்களை யார் மனமும் நோகாமல் கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்ததையும், மலையில் முனிக்கல்லுக்குக் கொடுத்துவந்த முதல் பாலை நிறுத்தியதையும் சொல்வாள். "அன்னையில இருந்து ஒரு துளி குடுத்ததில்ல. கர்த்தர் என்னைய கைவிடல" என்று முடிக்கும்போது குரல் தானாகவே தழுதழுக்கும். பெண்கள் அல்லேலூயா என்பார்கள்.

படங்களைக் கொடுத்தது உண்மை. துளி விஷயம் பொய்.

இறப்பர் மலையில் பால் வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு மரங்கள் உண்டு. விடிகிற நேரத்தில் முதல் மரத்துக்கு வந்து, நேற்றைய வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துவிட்டுக் கத்தியை இழுத்தால் பால் கோடாக இறங்கும். அந்த முதல் துளியை விரலில் வாங்கி, முனிக்கல் இருக்கிற பக்கம் உதறிவிட்டுத்தான் சிரட்டையை வைப்பார்கள். பாம்பு தீண்டாமல், மரம் முறிந்து தலையில் விழாமல், வீட்டு ஆட்களுக்கு ஒன்றும் ஆகாமல் முனி பார்த்துக்கொள்ளும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. பக்கத்து மரத்தில் அம்மா செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கைக்கு வந்துவிடும். விஜயகலாவின் கைக்கு அது கல்யாணத்துக்கு முன்பே வந்திருந்தது.

ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் அவள் நிறுத்தத்தான் செய்தாள். அன்று முழுக்கப் பிள்ளை நினைப்பாகவே இருந்தாள். மகன் தினேஷ் கொழும்பில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறான். மழையிலும் ஓட்டுவான், ஒரு கண்ணைப் போனில் வைத்துக்கொண்டும் ஓட்டுவான். கொழும்பு பஸ்காரர்கள் எப்படி ஓட்டுவார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். அதற்கடுத்த நாள் காலையில் விரல் தானாக உதறியது. சிரட்டையில் தூசி இருந்தது, அதைத்தான் உதறினேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்று வருஷமாக ஒரு நாள் தவறாமல் சிரட்டையில் தூசி இருந்தது.

ஆத்துமாவை இயேசுவிடம் கொடுத்துவிட்டு, தினேஷின் மோட்டார் சைக்கிளை மட்டும் முனியிடமே விட்டிருந்தாள். இரண்டு பேரும் பார்த்துக்கொண்டால் நல்லதுதானே என்று கூட ஒரு நாள் நினைத்தாள். நினைத்த கையோடு வெட்கமாகவும் இருந்தது.

இது அவளோடு போயிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. கலைச்செல்வி வந்து சேர்ந்ததுதான் வினை.

கலைச்செல்வியின் துண்டு, மழைத்தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம். இரண்டு பேருடைய முதல் மரங்களுக்கும் நடுவில் ஒரு பெரிய பாறை, பாறைக்குக் கீழே முனிக்கல். அவளுடைய புருஷன் சதீஸ் மாணிக்கக் குழியில் இறங்குகிறவன். விஜயகலாவின் சாட்சியை இரண்டு மூன்று ஞாயிறு கேட்டுவிட்டுத்தான் கலைச்செல்வி மனம் திரும்பினாள். வீட்டில் மாமியார் சத்தம் போட்டபோது அவள் சொன்ன நியாயம் ஒன்றே ஒன்று: "விஜி அக்கா விட்டுட்டாங்க. அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே."

நத்தார்ப் பண்டிகை முடிந்ததும் ஞானஸ்நானம் எடுத்தாள். மாசியில் இலை கொட்டி, மரங்களுக்கு ஓய்வு விட்டு, சித்திரையில் மறுபடி வெட்டுத் தொடங்கியபோது அவள் முனிப்பூசைக்கு நிற்கவில்லை. அன்று சேர்ந்த பாலைத் தோட்டத்து ஸ்டோரில் ஊற்றப் போகும் வழியில் விஜயகலாவிடம் ஓடிவந்தாள்.

"மொத மரத்துல கைய இப்பிடிப் பின்னால கட்டிக்கிட்டு நின்னேங்கா. கை துடிக்குது. நான் விடல." சிரித்தாள். "ஒங்களுக்கும் மொதல்ல இப்பிடித்தான் இருந்திச்சா?"

"ஆமா புள்ள. ஜெபம் பண்ணினா சரியாப் போகும்" என்றாள் விஜயகலா. வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வைகாசி மழையில் குழியின் கரை சரிந்தது. சதீஸை மண்ணுக்குள்ளிருந்து இழுத்தெடுத்துவிட்டார்கள். ஆனால் கால் முறிந்து, இடுப்பிலும் அடி. இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, நடப்பானா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்கள். சந்திக் கடை சிங்களப் பெண் "அனே, பவ்!" என்று இரங்கி ஒரு பை நிறையப் பழம் கட்டிக்கொடுத்தாள். மாமியார்தான் லயத்து வீட்டு வாசலில் நின்று மாரில் அடித்துக்கொண்டாள்.

"முனிக்குக் குடுக்காம விட்டதுக்கு எம்மகன் கால எடுத்துட்டாரு! போடி, போயி ஒரு சேவல் அறுத்து ஒரு சொட்டுப் பால் குடுத்துட்டு வா. அப்பறம் நீ ஒன் இயேசுவக் கும்பிடு, யாரு வேணாங்குறா?"

"விஜி அக்கா மூணு வருசமாக் குடுக்கல" என்றாள் கலைச்செல்வி. அழுதழுது முகம் வீங்கியிருந்தது, குரல் மட்டும் அசையவில்லை. "அவங்க மகன் கொழும்பு ரோட்டுல பைக் ஓட்டுறான். அவனுக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கான்."

விஜயகலா பக்கத்துப் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றாள். வாளி நிறைந்து காலில் ஊற்றியது தெரியவில்லை. அந்தப் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளோ அது தன் பொய் என்று அவளுக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. சொல்லாவிட்டால் பாவம். சொன்னால், இப்போது சொன்னால், அவள் நேராக முனிக்கல்லுக்குத்தான் ஓடுவாள்.

வெள்ளிக்கிழமை வேலுசாமி கங்காணி வெட்டுப் பார்க்க வந்தார். முனிக்கும் அவர்தான் பூசாரி. விஜயகலாவின் மரத்தைத் தடவி, பட்டை காயப்படவில்லை என்று திருப்திப்பட்டுக்கொண்டார்.

"அந்தக் கெழவி சும்மா கத்துறா" என்றார். "மழைக்குக் கரை சரிஞ்சா முனி என்ன செய்வாரு? எங்க சாமி ஒண்ணும் அவ்வளவு கோவக்காரரு இல்ல."

"ஆமாங்கண்ணே."

"நீ பூசைக்கு வராட்டியும் எனக்கு வருத்தமில்ல தங்கச்சி. ஒன் துளி தெனம் வருது. நான் பாக்குறேன்தானே."

அவர் அதைக் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நல்ல மனதோடு, ஒரு நன்றியைப் போலத்தான் சொன்னார். அவளுடைய முகத்தைப் பார்த்ததும் பதறிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாத. ஒங்க கூட்டத்துல யாருகிட்டயும் நான் சொல்ல மாட்டேன்."

அவளுடைய சாட்சியை இப்போது முனியின் பூசாரி காப்பாற்றிக்கொண்டிருந்தார். அவர் ஊரறியத் திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு கேவலமாக இருந்திருக்காது. வெயில் ஏறும் வரைக்கும் மரங்களை வெட்டினாள். எந்த மரத்தை வெட்டினோம், எதை விட்டோம் என்பது நினைவில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்காம்பராவில் கூட்டம். குழந்தைகளின் ஏணைகளைச் சுருட்டி மேலே கட்டிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். கலைச்செல்வி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பாஸ்டர் சதீஸுக்காக ஜெபித்துவிட்டு, "நம்ம சகோதரி விஜயகலா எழும்பி, கலைச்செல்விக்குத் தைரியம் வர்ற மாதிரி ரெண்டு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

அவள் எழுந்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தாள், அதைச் சத்தியம் பண்ணியும் சொல்லலாம். ஆனால் வருஷக்கணக்காக ஒரே தடத்தில் ஓடிய நாக்கு அந்தத் தடத்திலேயே ஓடியது. "ஒரு துளி குடுத்ததில்ல. கர்த்தர் என்னைய கைவிடல." இந்த முறை குரல் தழுதழுக்கவில்லை, வறண்டு கிடந்தது. அல்லேலூயா மட்டும் வழக்கத்தைவிடச் சத்தமாக வந்தது.

கூட்டம் முடிந்ததும் கலைச்செல்வி வந்து அவளுடைய வலது கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எத்தனை சவர்க்காரம் போட்டாலும் போகாத பால் வாடை அந்த விரல்களில் இருந்தது. விஜயகலா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அந்தப் பிள்ளை ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. விஜயகலா தன் மரத்துக்குப் போகாமல் கானைத் தாண்டிக் கலைச்செல்வியின் முதல் மரத்தடியில் போய் நின்றாள். அவள் வாளியோடு வந்ததும், நல்ல வார்த்தை தேடாமல் சொல்லிவிட்டாள்.

"நான் விடல புள்ள. மொத நாளத் தவிர ஒரு நாளும் விடல. நேத்துச் சொன்னதும் பொய்தான். தெனம் இந்த வெரலாலதான் குடுத்தேன். தினேஷுக்குப் பயந்து குடுத்தேன்."

கலைச்செல்விக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அவள் சத்தம் போடவில்லை. விஜயகலா எதிர்பார்த்த எதையுமே அவள் செய்யவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, பாறையையும் விஜயகலாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளும் நான் மட்டும் தனியாவா நின்னேன்?"

விஜயகலா மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள். அதற்குள் கலைச்செல்வி குனிந்து ஒட்டுப்பாலை உரிக்கத் தொடங்கியிருந்தாள். அவள் முதல் துளியை என்ன செய்தாள் என்று பார்க்கிற தைரியம் விஜயகலாவுக்கு இல்லை. திரும்பி நடந்தாள். அன்று அவள் தன் முதல் மரத்தை வெட்டவே இல்லை, இரண்டாம் மரத்திலிருந்துதான் தொடங்கினாள். அதுவும் ஒரு கள்ளத்தனம் என்பது அவளுக்கே தெரிந்திருந்தது.

பால் ஊற்றும் இடத்தில் கலைச்செல்வி அவளோடு பேசவில்லை. சாயங்காலம் கொழும்பிலிருந்து தினேஷ் போன் எடுத்தான். மழை பலமாக இருக்கிறது, ஆனால் மழை நாளில்தான் வேலை கூட, நாளைக்கு நேரத்தோடே ரோட்டில் இறங்கப் போகிறேன் என்றான். "பாத்து ஓட்டுப்பா" என்றாள்.

மறுநாள் காலையில் முதல் மரத்தின் முன்னால் நின்றாள். ஒட்டுப்பாலை உரித்துச் சிரட்டையை முன்கூட்டியே வைத்தாள். கத்தியை இழுத்தாள். பால் இறங்கியது, விரல் தானாக எழுந்தது. இந்நேரம் தினேஷ் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருப்பான். இடது கையால் வலது கையைப் பிடித்து நெஞ்சோடு சேர்த்து அழுத்தினாள். கத்தி கீழே விழுந்தது. ஜெபம் பண்ண நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மடைதிறந்து வரும் வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை. "ஆண்டவரே, எம்புள்ள... எம்புள்ள..." என்பதோடு நின்றுவிட்டது. மூன்று வருஷத்தில் அவள் அவரிடம் உண்மையாக எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை.

துளி நேராகச் சிரட்டையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. அவள் கான் கரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பயமா இருக்கா?"

பாறைக்கு அந்தப் பக்கமிருந்து கலைச்செல்வி வந்து நின்றாள். கையில் தன் கத்தி. முகத்தில் கோபம் அப்படியேதான் இருந்தது.

"ரொம்பப் பயமா இருக்கு புள்ள."

"எனக்குத் தெனம் இப்பிடித்தான் இருக்கு. ஒங்ககிட்டக் கேட்டேன். ஜெபம் பண்ணினா சரியாப் போகும்னீங்க."

விஜயகலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"சரியாப் போகலக்கா" என்றாள் கலைச்செல்வி. "நேத்தும் சரியாப் போகல. இன்னைக்கும் சரியாப் போகல. ஆனா நான் குடுக்கல."

அவள் குனிந்து, கீழே கிடந்த விஜயகலாவின் கத்தியை எடுத்துப் பாவாடையில் துடைத்து நீட்டினாள். அவளைக் கைகொடுத்துத் தூக்கவில்லை.

"ஞாயித்துக்கெழம எல்லார் முன்னாலயும் இதச் சொல்லணும் நீங்க."

"சொல்றேன்."

"சரி, எந்திரிங்க. வெயில் ஏறினா பால் நின்னுரும். அடுத்த மரத்துக்குப் போங்க." அவள் முனிக்கல்லுக்கும் மரத்துக்கும் நடுவில் வந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்க போற வரைக்கும் நான் இங்க நிக்கிறேன்."