மீசைக்கு ஏற்ற வளையல்

கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் குழாய் ஆற்றில் விழுகிற இடத்தில் குடியிருந்த ஆண் கெளுத்திகளுக்கு அந்த மார்கழியில் ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. குழாயில் வந்த தண்ணீரில் நிறமில்லை, வாடையில்லை. கைவைத்தால் குழந்தையைக் குளிப்பாட்டுகிற பதத்தில் இருந்தது. அந்தச் சூட்டைத் தேடி ஆற்றின் எல்லாப் பக்கத்திலிருந்தும் மீன்கள் வந்து சேர்ந்திருந்தன. சூட்டில் கிடப்பவனுக்குப் பசி அடங்காது. அவை நாள் முழுக்கத் தின்றன. தின்னத் தின்ன மெலிந்தன. ஆண்களுக்கு வயிறு மட்டும் பெருத்தது.

வால்வு ஆபரேட்டர் வெயிலுமுத்து ஒருநாள் காலையில் படித்துறையில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது மூத்த கெளுத்தி தலையை வெளியே நீட்டியது. ஒரு காலத்தில் அதன் மீசையைப் பார்த்தாலே அயிரைகள் வழிவிடும். இப்போது மீசை தொங்கிப்போயிருந்தது.

"அண்ணாச்சி, ஒரு விஷயம் கேக்கணும். வளைகாப்பு வைக்கணும்னு வீட்டுல சொல்லுதாவ."

"வச்சிர வேண்டியதுதான். ஆனா மார்கழியாச்சே."

"ஆத்துக்குத்தான் மார்கழி. குழாயடியில எப்பவும் சித்திரைதான?"

வெயிலுமுத்து தண்ணீரில் கைவைத்துப் பார்த்தார். சித்திரையாகத்தான் இருந்தது.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. தலைப்பேறு பிறந்த வீட்டில்தான் நடக்க வேண்டும். கெளுத்திக்குப் பிறந்த வீடு எதுவென்று தெரியாது. பெற்றவள் முட்டையிட்ட கையோடு போய்விட்டவள்.

"யாரு வீட்டு வெந்நியில பிள்ளை வளருதோ அதுதான் பிறந்த வீடு," என்றது கெளுத்தி. "வால்வு உம்ம கையிலதான இருக்கு?"

வெயிலுமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் இருப்பது நிலையத்துக் குவார்ட்டர்ஸில், ஒரே அறை. பிறந்த வீடு என்றால் ஏழு வகைச் சோறு கிண்ட வேண்டும். முதல் வளையலை மதினி போட வேண்டும். அண்ணாச்சி அவர் என்றால், மதினி சங்கரவடிவு.

சங்கரவடிவு அவர் மனைவி. பிள்ளை இல்லாதவள். தெருவில் எந்த வளைகாப்பு நடந்தாலும் அவளையும் அழைப்பார்கள்; பின்வரிசையில் உட்காரவைப்பார்கள்; சந்தனக் கிண்ணம் அவளைத் தாண்டிப் போய்விடும். வெயிலுமுத்து தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"வளையல் எந்த அளவு?"

"அதுக்குக் கையில்லையே."

"மீசை இருக்குல்லா," என்றாள் சங்கரவடிவு.

வளைகாப்பு அன்று தெருவே படித்துறைக்கு வந்தது. கெளுத்தி மஞ்சள் பூசி, தண்ணீர் நனைக்கிற படி ஓரத்தில் கிடந்தது. சங்கரவடிவு முதல் வளையலை எடுத்தபோது பெண்கள் திடுக்கிட்டுப்போனார்கள்.

"அடி ஆத்தே! முதல் வளையலை இவளா போடுதது?" என்று எதிர்வீட்டு ஆவுடைச்சி நெஞ்சில் கைவைத்தாள்.

கெளுத்தி தன் முள்ளை ஒருமுறை விரித்து மடக்கியது. "எங்க மதினிதான் போடணும்," என்றது.

சங்கரவடிவு ஒவ்வொரு மீசையாக எடுத்து, நுனியிலிருந்து அடிவரை வளையல்களைக் கோத்தாள். கெளுத்தி தலையை அசைத்தபோது மீசை கலகலவென்றது. தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அதன் பெண்டாட்டி சொன்னாள்: "இத்தனை வருஷமா முறுக்கிக்கிட்டுத் திரிஞ்ச மீசைக்கு இப்பத்தான் உருப்படியா ஒரு சோலி கிடைச்சிருக்கு."

பெண்கள் சிரித்தார்கள். ஆவுடைச்சிகூடச் சிரித்தாள். ஏழு வகைச் சோறும் இலையோடு காலியாகிவிட்டது. கெளுத்திக்குப் பசி அப்படி.

சந்தனம் காய்வதற்குள் உதவிப் பொறியாளர் தேவநேசன் வந்தார். இளவயது. மழுங்கச் சிரைத்த முகம். வழக்கம்போலக் குழாய்த் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்து ருசி பார்த்தார். பைலை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"வெயிலுமுத்து, நாளைக்கு வால்வை மூடணும். தொட்டி கழுவுதாங்க. மூணு நாளாகும்."

குழாய்ச் சூடு எட்டும் இடத்தோடு ஆற்றில் ஒரு கோடு இருந்தது. இந்தப் பக்கம் சித்திரை, அந்தப் பக்கம் மார்கழி. முந்தின வாரம் நினைவில்லாமல் அதைத் தாண்டிய அயிரைகள் இரண்டு, தாண்டிய இடத்திலேயே விறைத்து மிதந்தன. வால்வை மூடினால் கோடு குழாய்க்குள்ளேயே போய்விடும்.

"பேறுகாலத்துக்கு வந்த பிள்ளையப் பாதியில வெளிய தள்ளச் சொல்லுதியளா சார்?" என்றார் வெயிலுமுத்து. அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. அதுவரை அவர் அதிகாரிகளிடம் 'சரி சார்' தவிர வேறு சொன்னதில்லை.

தேவநேசனின் முகம் வெளுத்தது. கெளுத்தியின் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். "மேல இருந்து வந்த உத்தரவு. நான் என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, படியைப் பிடித்துப் பிடித்து மெதுவாக ஏறிப் போனார்.

மறுநாள் வெயிலுமுத்து வால்வின் சக்கரத்தைச் சுற்றினார். அது முடிவதற்குள் சங்கரவடிவு வாசலில் அண்டாவை வைத்து, தென்னமட்டையைக் கொளுத்தி, வெந்நீரை விளாவி, குழாயடிப் பதத்துக்குக் கொண்டுவந்திருந்தாள். மூத்த கெளுத்தியையும் அதன் பெண்டாட்டியையும் ஈரச்சாக்கில் ஏந்தி வந்து அதற்குள் விட்டார்கள்.

ஆவுடைச்சி வேலியோரம் வந்து நின்று பார்த்தாள். "நீ ஒருத்திதான் மதினியோ? எங்கிட்ட இதைவிடப் பெரிய அண்டா இருக்கு," என்றாள். அவள் ஒரு கெளுத்தியை எடுத்துப் போனாள். அதைப் பார்த்து மற்றவர்களும் தவலை, குத்துப்போணி என்று கொண்டுவந்து ஆளுக்கொன்றாக அழைத்துப் போனார்கள். வயிறு பெருத்தவற்றுக்கெல்லாம் ஒரு வீடு கிடைத்தது. வயிறு பெருக்காதவற்றைக் கேட்க யாரும் வரவில்லை. அயிரைகளும் ஆரால்களும் அடுத்த நாள் காலையில் படித்துறை நெடுக வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தன. வெயிலுமுத்து எண்ணத் தொடங்கினார். எதையும் எண்ணாமல் விடுகிற ஆள் இல்லை அவர். இரண்டாம் படியோடு நிறுத்திவிட்டு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

சங்கரவடிவு அண்டாவிலிருந்து கையை எடுக்கவில்லை. சூடு குறைந்தால் விறகைத் தள்ளினாள், கூடினால் பச்சைத்தண்ணீர் ஊற்றினாள். இரண்டாம் நாள் மதியம் வளையல்கள் ஒருசேரக் குலுங்கின; மாதம் நிறையும் முன்னே கெளுத்தி முட்டையிட்டது. முட்டைகளில் பாதி வெறும் கூடு. மீதியில் சாயங்காலத்துக்குள் கண் தெரிந்தது. மறுநாள் குஞ்சுகள் வெளியே வந்து உடனே சோறு கேட்டன. அவை சங்கரவடிவைப் பெரியம்மா என்று கூப்பிடுவதா, அத்தை என்று கூப்பிடுவதா என்று ஒரு பேச்சு வந்தது. பெற்றவர் வழியில்தான் முறை, பெற்றவருக்கு இது பிறந்த வீடு, அதனால் அத்தை என்று முடிவாயிற்று.

வால்வைத் திறந்ததும் கெளுத்தி பிள்ளைகளோடு குழாயடிக்குத் திரும்பியது. வளையலைக் கழற்ற மாட்டேன் என்றுவிட்டது. பெண்டாட்டி முன்னால் போக, அது கலகலத்துக்கொண்டே பின்னால் போனது.

சங்கரவடிவு அண்டாவைக் கவிழ்க்கப் போனபோது தேவநேசன் வாசலில் வந்து நின்றார். இன்று கையில் பைல் இல்லை. சட்டையின் கீழ்ப் பித்தான்கள் இரண்டும் போடாமல் இருந்தன.

"மதினி, ஒரு விஷயம் கேக்கணும்," என்றார். "வளைகாப்பு வைக்கணும்னு வீட்டுல சொல்லுதாவ."

சங்கரவடிவு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவர் மணிக்கட்டைப் பிடித்து விரலால் சுற்றி அளந்தாள். பிறகு அண்டாவைப் பார்த்தாள், அவரை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். தேவநேசன் நல்ல உயரம்.

"இதுல கொள்ளாது," என்று வீட்டுக்குள் பார்த்துச் சொன்னாள். "ஆவுடைச்சிகிட்ட பெரிய அண்டா இருக்கு. போய் வாங்கிட்டு வாங்க."

வெயிலுமுத்து செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.