எம். சிஸ் ஆட்சேபிக்கிறார்

எங்கள் ஆபீஸ் எந்தத் துறை என்று சொல்ல மாட்டேன். சொன்னால் அந்தத் துறைக்காரர்கள் மட்டும் கோபித்துக்கொள்வார்கள், மற்றவர்கள் யோக்கியர்கள் மாதிரி சிரிப்பார்கள். பெரம்பலூரில் இருந்தது, அவ்வளவு போதும்.

2007 கடைசியில் அரியலூரை மறுபடியும் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். ஏற்கெனவே ஒருமுறை பிரித்து, அடுத்த வருடமே ஒட்டவைத்த கதை எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் அவசரப்பட்டுச் சந்தோஷப்படவில்லை, என்னைத் தவிர. அரியலூரில் திறக்கப்போகும் புது ஆபீஸுக்கு ஒரே ஒரு கம்ப்யூட்டர் ஆபரேட்டர் இடம் வந்திருந்தது. எனக்கு வீடு திருமானூர். மகள் எழுந்திருக்கும் முன்பே பஸ் ஏறி, அரியலூரில் மாறி, பெரம்பலூர் வருவேன். திரும்பிப் போகும்போது அவள் தூங்கியிருப்பாள். இரண்டு வயதுப் பிள்ளை என் மாமியாரை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. அந்த இடம் எனக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

கண்காணிப்பாளர் பிச்சைமுத்து சார் நல்லவர்தான். "அரியலூர் டேட்டாவப் பிரிச்சு ஒப்படைச்சிட்டா, உன்னையும் அதோடயே அனுப்பிடறேன் வெற்றிச்செல்வி" என்று சொல்லியிருந்தார். என்னையும் ஒரு இணைப்பாக நினைத்திருந்தார், பரவாயில்லை.

விவரமெல்லாம் அவர் அறைக் கம்ப்யூட்டரில், ஆக்சஸ் என்ற சாப்ட்வேரில் ஒரே கோப்பாகக் கிடந்தது. அதற்குள் விவர அட்டவணைகளாக எத்தனை டேபிள், என்னென்ன பெயர் என்று யாருக்கும் தெரியாது. போட்டுக் கொடுத்த ஆள் துபாய் போய்விட்டார். நான் என் கம்ப்யூட்டரில், எக்செல்லில் ஒரு மேக்ரோ எழுதினேன். பட்டனை அழுத்தினால் அது அந்தக் கோப்பை இங்கிருந்தே திறந்து, உள்ளே இருக்கும் டேபிள்களின் பெயரை வரிசையாக எழுதித் தரும். முதல் தடவையே ஓடியது. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. அச்செடுத்து சாரிடம் கொடுத்தேன்.

சார் ஊர் ஊராகச் சிவப்புப் பேனாவால் டிக் அடித்துக்கொண்டே வந்தார். வரதராஜன்பேட்டை, டிக். திருமானூர், டிக். அப்புறம் பேனா நின்றது.

"யாரும்மா இந்த எம். சிஸ்?"

எட்டிப் பார்த்தேன். எம்சிஸ்ஆப்ஜெக்ட்ஸ், எம்சிஸ்குவரீஸ், எம்சிஸ்ரிலேஷன்ஷிப்ஸ். ஆக்சஸ் தன் சொந்த உபயோகத்துக்கு மறைத்து வைத்திருக்கும் டேபிள்கள். மேக்ரோவுக்கு மறைவு, மரியாதை எதுவும் தெரியாது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. சார் அவற்றை ஆங்கில வாக்கியங்களாகப் படித்திருந்தார். ஆப்ஜெக்ட்ஸ் என்றால், எம். சிஸ் ஆட்சேபிக்கிறார். குவரீஸ் என்றால், எம். சிஸ் விளக்கம் கேட்கிறார். ஆடிட் ஆட்சேபணைக்குப் பதில் எழுதியே தலை நரைத்த மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்?

"அது ஆள் இல்லைங்க சார். சாப்ட்வேர் தானா வச்சுக்கிற டேபிள்."

"தானா எப்படிம்மா அப்ஜெக்‌ஷன் வரும்? கீழ பாரு, ரிலேஷன்ஷிப்ஸ்னு வேற போட்டிருக்கு. மேல யாருக்கோ சொந்தக்காரரு. நாம பகைச்சுக்க வேணாம்."

பக்கத்தில் உதவியாளர் அன்பழகன் நின்றிருந்தார். எதைக் கேட்டாலும் 'தெரியாது' என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. "சென்னையில கேள்விப்பட்ட பேரு சார். கொஞ்சம் கறாரான ஆளு" என்றார்.

வேலை அப்படியே நின்றது. 'திரு. எம். சிஸ் அவர்களின் ஆட்சேபணை விவரம் கோரப்படுகிறது' என்று தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் போனது. பதில் வரவில்லை. பதில் வராததே அவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. நான் தினமும் விளக்கினேன். சார் தினமும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சின்னப் பொண்ணு நீ, ஆபீஸ் நடைமுறை உனக்குத் தெரியாது" என்றார். ஆத்திரம் தாங்காமல் பஸ்ஸில் அழுதிருக்கிறேன்.

கடைசியில் வாதாடுவதை விட்டேன். மேக்ரோவில் ஒரு வரி சேர்த்தேன்: பெயர் எம்சிஸ் என்று தொடங்கினால் எழுதாதே. புதுப் பட்டியலைக் கொண்டுபோய் வைத்தேன். சார் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினார்.

"எம். சிஸ் எங்கம்மா?"

"இப்ப இல்லைங்க சார்."

"அவரு அப்ஜெக்‌ஷன்?"

"அதுவும் இல்லைங்க சார்."

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நாளைக்கே ஆர்டர் போட்டுடறேன்" என்றார். அன்றைக்கு அரியலூரில் பஸ் மாறும்போது மகளுக்கு ஜிலேபி வாங்கினேன்.

மறுநாள் மத்தியானம் உத்தரவின் நகல் என் மேசைக்கு வந்தது. டேட்டா அரியலூருக்குப் போகிறது. அரியலூர் ஆபரேட்டர் இடத்துக்கு நேரே 'திரு. எம். சிஸ்' என்று இருந்தது. நான் பெரம்பலூரிலேயே தொடர வேண்டுமாம். தாளை எடுத்துக்கொண்டு சார் அறைக்கு ஓடினேன்.

"நான் என்னம்மா பண்றது?" என்றார். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. "அவரு இங்க இல்லேன்னு நீதானே சொன்ன. பின்ன எங்க போயிருப்பாரு? இருக்கறதே ஒரு இடம், முந்திக்கிட்டாரு. அதான் அப்ஜெக்‌ஷனையும் வாபஸ் வாங்கிட்டாரு."

"சார், அப்படி ஒரு ஆளே கிடையாதுங்க."

"மெதுவாப் பேசும்மா, இப்ப அவரு உனக்கு சீனியர்." சார் என்னை உட்காரச் சொல்லி, தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "உன் கஷ்டம் எனக்குத் தெரியாதா? குறிப்புல தெளிவா எழுதியே வச்சுட்டேன். அவரு ரிட்டயர் ஆனதும் அந்த இடம் உனக்குத்தான்."